ஒரு நாளைக்கு ஆறு ஈரத்துணி

மகள் பிறந்த மூன்றாம் நாள். அறுவைத் தையல் இழுக்க, சாய்ந்து உட்காரவும் முடியாமல் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தேன். அன்று பார்க்க வந்த எட்டுப் பேரில் ஏழு பேர் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "பால் பத்துகிறதா?" எட்டாவது ஆள் என் சித்தப்பா. அவர் கூச்சப்பட்டுக்கொண்டு என் அம்மாவிடம் கேட்டார்.

என்ன பதில் சொல்வது? நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். வரவும் செலவும் காட்டினால் மீதியைச் சொல்லிவிடுவேன். புட்டியில் இருப்பதுபோல மார்பில் கோடு போட்டிருக்கவில்லையே. பிறந்தபோது 3.1 கிலோ இருந்தவள் அன்று காலை 2.86 கிலோ. முதல் இரவு எங்களைக் கேட்காமலேயே யாரோ ஒரு செவிலியர் மாவுப்பால் கரைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். டப்பா மேசைமேல் இருந்தது. குழந்தைக்குத் தாய்ப்பாலே சிறந்தது என்று அந்த டப்பாவிலேயே அச்சிட்டிருந்தார்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அப்படி அச்சிடச் சொல்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. விடியற்காலை இரண்டு மணிக்கு அதைப் படித்தபோது டப்பா என்னைக் குத்திக்காட்டுவதாகவே பட்டது.

மாலைப் பணிக்கு வந்த மூத்த செவிலியர் ஒருவர்தான் என்னை மீட்டார். "குழந்தையிடம் நீ குனியாதே தாயி, அது உன்னிடம் வரட்டும்" என்று முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணைகளைத் திணித்தார். தையலில் கால் உதைபடாமல் இருக்க, குழந்தையை என் இடது அக்குளுக்குக் கீழே, சந்தைக்குக் கோழியை இடுக்கிக்கொண்டு போவதுபோல வைத்தார். காம்பால் அவள் மேலுதட்டை லேசாகத் தடவிவிட்டு, கொட்டாவி விடுவதுபோல வாய் அகலமாகத் திறக்கும்வரை காத்திருந்தார். திறந்ததும் ஒரே அணைப்பு. காம்பைச் சுற்றியிருக்கும் கருவட்டமும் வாய்க்குள் போக வேண்டும், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும், முகவாய் மார்பில் புதைந்திருக்க வேண்டும். இரண்டு நாளாக நான் காம்பின் நுனியை மட்டும் அவள் வாயில் திணித்துக்கொண்டிருந்திருக்கிறேன். "பேசாமல் கேள்" என்றார். கேட்டேன். 'க்' என்று ஒரு சின்ன விழுங்கல். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் 'க்'.

எடை குறைந்ததற்கும் அவரே விளக்கம் சொன்னார். முதல் சில நாட்களில் பத்து சதவீதம் வரை குறைவது வழக்கம்தான், இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். சீம்பால் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி கிடைத்தாலும் அந்த வயிற்றுக்குப் போதும். அறுவைப் பிரசவத்தில் பால் ஊறி நிறைவது ஓரிரு நாள் தள்ளிப்போகலாம். "இனி யாராவது பத்துகிறதா என்று கேட்டால் துணி காயும் கொடியைக் காட்டு. ஐந்தாறு நாள் ஆனதும் ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைய வேண்டும். அவ்வளவுதான் கணக்கு."

எனக்குப் புரிகிற மொழியில் பேசியவர் அவர் ஒருவர்தான். வீட்டுக்கு வந்ததும் பழைய வேட்டிகளைக் கிழித்துத் துணி போட்டோம், நாட்குறிப்பில் கோடு கிழித்தேன். நான்காம் நாள் மூன்று. ஐந்தாம் நாள் ஐந்து. ஆறாம் நாள் ஏழு. மலமும் கருமை போய் மஞ்சளாகிவிட்டது. மாவுப்பால் அந்த வாரத்தோடு நின்றது. கொடுத்த நான்கைந்து வேளைக்காக நான் வருந்தவில்லை. அந்த நேரத்தில் பிள்ளைக்குப் பசி.

கணக்கு சரியாகிவிட்டது என்பதற்காக வலி நின்றுவிடவில்லை. முதல் இரண்டு நாள் தவறாகக் கொடுத்ததில் வலது காம்பில் வெடிப்பு. அவள் வாய் வைக்கும் முதல் பத்து நொடிக்குக் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொள்வேன். ஒன்பதாம் நாள் இரவு அவள் கக்கிய பாலில் நூல் மாதிரி ஒரு சிவப்பு. என் அலறலில் கணவர் மாடிப்படியில் இடறி விழுந்தார். தொலைபேசியில் மருத்துவர் நிதானமாகக் கேட்டார்: "உங்களுக்குக் காம்பில் வெடிப்பு இருக்கிறதா? அது உங்கள் ரத்தம்தான்." கொடுத்து முடித்ததும் சொந்தப் பாலையே இரண்டு சொட்டுத் தடவிக் காற்றாட விடச் சொன்னார். வலித்தால் வெடுக்கென்று இழுக்காமல், சுண்டுவிரலை அவள் வாயோரத்தில் நுழைத்துப் பிடியை விடுவிக்கச் சொன்னார். பத்து நாளில் ஆறிவிட்டது.

பத்தியச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, முருங்கைக்கீரை, மறுபடியும் பூண்டு. சுறாப் புட்டுக்கு நான் எதிரி இல்லை. அத்தை செய்தால் இன்றைக்கும் இரண்டு தட்டு சாப்பிடுவேன். தண்ணீர் விஷயத்தில்தான் தகராறு. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு தள்ளிவிடும் என்று அரை டம்ளர் வெந்நீரோடு நிறுத்திவிடுவார். குழந்தை வாய் வைத்து, பால் இறங்கும் அந்தக் கணத்தில் தொண்டை அப்படியே வறண்டுபோகும். வேறு எந்தத் தாகமும் அதுபோல எனக்கு வந்ததில்லை. கணவர் அலமாரிக்குள், சேலைகளுக்குப் பின்னால், ஒரு செம்புத் தண்ணீரை ஒளித்துவைக்கத் தொடங்கினார். எங்கள் திருமண வாழ்வில் அவர் செய்த மிகத் துணிச்சலான காரியம் அது என்றே சொல்வேன்.

ஐந்தாவது வாரம் இடது பக்கம் பால் கட்டிக்கொண்டது. கல்லைத் தொட்டதுபோல இருந்தது. பெரியம்மா ஒருவர் எண்ணெய் போட்டுப் பலம்கொண்ட மட்டும் அழுத்தித் தேய்த்துவிட்டார். மறுநாள் தோல் சிவந்து, நடுக்கத்தோடு 102 டிகிரி காய்ச்சல். பால் கெட்டுப்போயிருக்கும், கொடுக்காதே என்றார்கள் வீட்டில். மருத்துவர் நேர்மாறாகச் சொன்னார்: கொடுப்பதை நிறுத்தினால் கட்டு இன்னும் மோசமாகும், நான் எழுதும் ஆன்டிபயாட்டிக் குழந்தைக்குக் கெடுதல் செய்யாது, இனி யாரையும் அழுத்தித் தேய்க்க விடாதீர்கள். கொடுக்கும் முன் விரலால் கொஞ்சம் பீய்ச்சி இளக்கிக்கொண்டேன், கொடுத்த பின் குளிர்ந்த ஈரத்துணி போட்டுக்கொண்டேன். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. பெரியம்மாமேல் இருந்த கோபம் விட இன்னும் கொஞ்ச நாளானது.

அதற்குள் மதுரையில் கத்திரி வெயில் வந்துவிட்டது. "பிள்ளைக்கு நாக்கு வறளுமே, ஒரு சங்கு வெந்நீர் கொடுத்தால் என்ன?" என்று அத்தை தினமும் கேட்டார். ஆறு மாதம் வரை தண்ணீரும் வேண்டாம், தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான் என்று நான் சொன்னது அவருக்குப் புத்தகப் பேச்சாகப் பட்டது. கடைசியில் கொடியைத்தான் காட்டினேன். மே மாத உச்சி வெயிலில் ஒன்பது துணி. எண்ணிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அன்றிலிருந்து அந்த எண்ணிக்கை அவருடைய வேலையாகிவிட்டது.

மாலை ஆறிலிருந்து ஒன்பதுவரை அவள் விடாமல் குடிப்பாள், விட்டால் அழுவாள். 'பத்தவில்லை' என்ற சந்தேகம் மறுபடியும் கிளம்புவது அந்த நேரத்தில்தான். சின்னக் குழந்தைகள் பல மாலையில் இப்படி அடுக்கடுக்காகக் கேட்பவைதாம் என்று தெரிந்தபின், அந்த மூன்று மணி நேரத்துக்கு எதையும் வைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்துவிட்டேன்.

பேறுகால விடுப்பு 26 வாரம். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் 12 வாரம்தான் என்பதால் குறை சொல்ல வாய் வரவில்லை. அதில் இரண்டு வாரம் பிரசவத்துக்கு முன்பே கழிந்துவிட்டது. வேலைக்குத் திரும்பியபோது ஆறு மாதம் நிறைய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. கையால் இயக்கும் பம்ப் ஒன்று வாங்கினேன். முதல் நாள் வலதில் 60 மில்லி, இடதில் 40. பழைய கோப்புகள் அடுக்கிய அறையில், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் முதுகால் கதவை அடைத்து நின்றுகொண்டு எடுத்தேன். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை ஒரு நாளைக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று பேறுகாலப் பயன் சட்டம் சொல்வதை அச்செடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். அவர் காகிதத்தை வாங்கவே இல்லை, முகம் சிவந்து "சரி, சரி" என்றார். ஒரு வாரத்தில் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தது. சட்டத்தைவிட அவருடைய வெட்கம்தான் எனக்கு அதிகம் உதவியது.

எடுத்த பாலை ஐஸ் கட்டி போட்ட வாய் அகன்ற பிளாஸ்கில் வைத்து மாலையில் கொண்டுவருவேன். வெளியே வைத்தால் நான்கு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரி அறைக்குச் சொன்ன கணக்கு. எங்கள் ஊரில் அப்படி ஓர் அறை மார்கழியில் கிடைத்தால் உண்டு. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. அவள் புட்டியின் ரப்பர் காம்பைத் தொடவே மாட்டேன் என்றாள். இரண்டு நாள் அழுகை. மூன்றாம் நாள் அத்தை பரணிலிருந்து ஒரு வெள்ளிப் பாலாடையை, பால் புகட்டும் மூக்குவைத்த சின்னக் கிண்ணத்தை, இறக்கினார். என் கணவர் குழந்தையாக இருந்தபோது குடித்தது. அதைக் கொதிக்கும் நீரில் போட்டெடுத்து, பிள்ளையை மடியில் சற்று நிமிர்த்தி உட்காரவைத்து, பாலாடையின் மூக்கை அவள் கீழுதட்டில் சாய்த்துப் பிடித்தார். ஊற்றவில்லை. அவளாக நக்கி இழுக்கட்டும் என்று காத்திருந்தார். நூறு மில்லியும் இருபது நிமிடத்தில் காலி. நானும் செய்து பார்த்தேன். பாதி கழுத்துக்குப் போனது. "உனக்கு அவசரம்" என்றார் அத்தை.

வெளியூர்ப் பயணம் தனிக் கதை. 2015இல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தது. நல்ல யோசனை, நான் நாலைந்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நிலையத்தில் மட்டும் பூட்டு தொங்கியது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொரு திசை காட்டினார்கள். துண்டைப் போர்த்திக்கொண்டு நடைமேடை பெஞ்சில் கொடுத்தேன். பக்கத்தில் பூ விற்ற அம்மா, கண் பட்டுவிடும் என்று சொல்லி, கேட்காமலேயே தன் கூடையை எனக்கு முன்னால் மறைப்பாக நகர்த்தினார்.

அவர் ஒரு முழம் மல்லிகையும் நீட்டினார். பால் கொடுப்பவள் மல்லிகை வைத்தால் பால் வற்றிவிடும் என்று அதுவரை வீட்டில் வைக்க விட்டதில்லை. அது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. மார்பில் மல்லிகைப்பூவைக் கட்டிவைத்தால் பால் சுரப்பு குறைகிறது என்று 1988இல் ஓர் ஆய்வே வெளியாகியிருக்கிறது. கட்டுவது வேறு, கூந்தலில் வைப்பது வேறு என்று வாதாடும் தெம்பு எனக்கு அப்போது இருந்தது. வைத்துக்கொண்டேன். மறுநாளும் கொடியில் எட்டுத் துணி.

இப்போது மகளுக்குப் பதினாறு மாதம். சோறு, இட்லி, முட்டை எல்லாம் சாப்பிடுகிறாள். தூங்கும் முன் ஒரு வேளை மட்டும், என் காதைப் பிடித்துக்கொண்டு, குடிக்கிறாள். மறக்கடிக்க வேப்பிலை அரைக்கட்டுமா என்று அத்தை வாரத்துக்கு ஒரு முறை கேட்கிறார். அடுத்த வாரம் பார்ப்போம் என்கிறேன்.