பெசன்ட் நகர் நாய்க் குறிப்புகள்

ஜனவரி 6, 2025, திங்கள்

ஆறரைக்குத்தான் சூரியன் வருகிறது. அதற்கு முன்னால் எடுத்ததெல்லாம் வெறும் இருட்டு. வந்த பிறகு கொஞ்ச நேரம்தான் நல்ல வெளிச்சம், அப்புறம் நாய்க்கும் கண் கூசும், எனக்கும் கூசும். எலியட்ஸ் பீச்சில் கடல் கிழக்கே இருப்பதால் நான் கடலுக்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார வேண்டும், நாய் கடலைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் கண்ணுக்குள் அந்த ஒரு பொட்டு வெளிச்சம் விழும். அது விழாவிட்டால் எவ்வளவு அழகான நாயும் கொலு பொம்மைதான். கடலைப் பார் என்று நாயிடம் யார் சொல்வது? பார்லே ஜி கவரைக் கசக்கினால் பார்க்கிறது.

அப்பாவுக்கு ஒன்பதேகாலுக்கு ஆஸ்பத்திரியில் ரேடியேஷன். எட்டுக்குள் வீட்டில் இருக்க வேண்டும்.

ஜனவரி 7, செவ்வாய்

கஞ்சி பாதி டம்ளர். நேற்றைக்குப் பரவாயில்லை.

சாயங்காலம் காலைப் படங்களை லேப்டாப்பில் காட்டினேன். பேச வேண்டாம் என்று சொல்லியிருப்பதால் நோட்டில்தான் எழுதுகிறார். ஆயுசெல்லாம் அடுத்தவர் கையெழுத்தைப் படித்தே சைக்கிள் மிதித்த மனுஷன், தன் கையெழுத்து மட்டும் முத்து முத்தாக. லாப்ரடார், பீகிள், கோல்டன் எல்லாவற்றையும் அடுத்தது அடுத்தது என்று தள்ளிக்கொண்டே வந்தார். ஒரு படத்தில் மட்டும் நின்றுவிட்டார். நான் எடுத்தது முன்னால் நிற்கும் ஷிட்ஸுவை. பின்னால் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்தின் ஓரமாக, மங்கலாக, செம்பழுப்பில் ஒல்லியாக ஒன்று போய்க்கொண்டிருக்கிறது.

"இது யாரு?"

தெரியாது என்றேன்.

"சிப்பிப்பாறை மாதிரி இருக்கு. இங்க எப்படி?" சிப்பிப்பாறை தென்மாவட்டத்து வேட்டை நாய். கொஞ்சம் யோசித்து அதற்குக் கீழே எழுதினார்: "கிரேஹவுண்ட் கலப்பாவும் இருக்கலாம். பக்கவாட்டுல நிக்க வச்சு எடு."

ஜனவரி 9, வியாழன்

சிம்பா என்று ஒரு கோல்டன் ரெட்ரீவர். தினமும் அதைக் கூட்டி வருபவர் அந்த வீட்டு டிரைவர். போன வாரம் ரெண்டு பேரையும் சேர்த்து எடுத்தேன், அவர் குத்தவைத்து உட்கார்ந்திருக்க, சிம்பா அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டு. இந்தக் கடற்கரையில் நான் எடுத்ததில் அதுதான் நல்ல படம் என்று நினைக்கிறேன். அதை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், அவர் மேடத்துக்கு அனுப்பியிருக்கிறார், மேடம் இன்று என்னிடம் போனில் பேசினார். ரொம்ப நன்றாக இருக்கிறதாம், பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டப் போகிறார்களாம், அந்த ஆளை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார்.

எடுக்கலாம், முடியாத வேலை ஒன்றுமில்லை. ஆனால் தோளை எடுத்துவிட்டால் நாயின் தலை எதன்மேல் இருக்கும்? அதைச் சொன்னேன். "ஓ, ஒரு தலகாணி மாதிரி ஏதாவது போட்டுடுங்களேன்" என்றார்.

பெசன்ட் நகரில் நாயோடு நடப்பவர்களில் எவ்வளவு பேர் நாயை வாங்கியவர்கள், எவ்வளவு பேர் சம்பளத்துக்கு நடப்பவர்கள் என்று பார்த்தாலே தெரிந்துவிடும். சம்பளத்துக்கு நடப்பவர் கையில்தான் நாய் இழுக்காமல் வரும். மலம் அள்ளுவதும் அவர்தான். உங்கள் நாயா என்று கேட்டால் முதல் நாள் "இல்ல சார்" என்பார், நாலாவது நாள் "நம்ம நாய்தான் சார்" என்பார்.

படத்தை அனுப்பவில்லை. அனுப்பப் போவதும் இல்லை.

ஜனவரி 10

வைகுண்ட ஏகாதசி. அஷ்டலட்சுமி கோயில் பக்கம் கால் வைக்க முடியவில்லை. நாய் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

ஜனவரி 11, சனி

செம்பழுப்பைப் பார்த்துவிட்டேன். ஊரூர் குப்பம் பக்கத்திலிருந்து வருகிறது. கூட ஒரு பாட்டி, அறுபத்தைந்து எழுபது இருக்கும், கழுத்துப்பட்டை கிடையாது, நைலான் கயிறு. நாயின் பின்னங்காலில் கருப்புக் கயிறு வேறு கட்டியிருக்கிறது. கேமராவைத் தூக்கியதுமே கையைக் குறுக்கே நீட்டிவிட்டார்.

"வேணா கண்ணு. கண்ணு பட்ரும்."

ஒரே ஒரு படம், எங்கப்பா பார்க்க ஆசைப்படுகிறார் என்றேன்.

"அப்பாவைக் கூட்டியா. நேர்ல பாக்கட்டும். போட்டோ வேணா. போன வருசம் இப்படித்தான் ஒரு பொண்ணு எடுத்துச்சு, மறுநாளு பூரா கக்குச்சு இது."

பெயர் தோனியாம். பேரன் வைத்தது. பாட்டி வாயில் அது டோனி.

அப்பாவிடம் சொன்னேன். விழுங்கும்போது வலிப்பதால் சிரிப்பும் வலிக்கும்போல, உதட்டை மட்டும் இழுத்தார். பிறகு எழுதினார்: "வால் எங்க வரைக்கும் வருது? கணுக்காலத் தாண்டுதா?"

பார்க்கவில்லை. நான் பாட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 13, போகி

புகை. ஆறரைக்கும் சூரியன் இல்லை, ஏழுக்கும் இல்லை. பிள்ளைகள் மேளம் தட்டுகிற சத்தத்துக்குத் தெருநாய்கள் எல்லாம் கார்களுக்கு அடியில் போய்விட்டன. காது நுனியில் வெட்டுக்குறி உள்ளவை, அதாவது கருத்தடை முடிந்தவை, எங்கள் தெருவில் மூன்று உண்டு, அவற்றில் ஒன்று அக்கா வீட்டு மாடிப்படி வரை ஏறி வந்து படுத்திருந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சாதாரண நாளில் சொல்லியிருப்பாள்.

இதெல்லாம் எழுதுவது வேறொன்றை எழுதாமல் இருக்கத்தான். நாளையிலிருந்து பொங்கல் லீவு. மெஷின் கிடையாது. போன வாரமும் ஒரு நாள் மெஷின் ரிப்பேர் என்று உட்காரவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். நடுவில் விட்டால் பரவாயில்லையா என்று கேட்டதற்கு, பின்னால் சேர்த்துக் கொடுத்துவிடுவோம் என்கிறார்கள். சேர்த்துக் கொடுப்பது என்றால் கடைசியில் நாள் கூடுமா, ஒரே நாளில் ரெண்டு வேளை வைப்பார்களா? ஒருவர் அப்படிச் சொல்கிறார், இன்னொருவர் இப்படிச் சொல்கிறார், டாக்டர் லீவில் இருக்கிறார். இடைவெளி விழக்கூடாது என்று ஆரம்பத்தில் அவர்களே அழுத்திச் சொன்னதுதான். அப்பா கேட்கவே இல்லை. நோட்டில் பழைய பக்கத்தைத் திருப்பி "வால்" என்ற இடத்தில் அடிக்கோடு போட்டுக் காட்டினார்.

ஜனவரி 16

காணும் பொங்கல். அந்தப் பக்கமே போகவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

மணல் முழுக்கக் கோழி எலும்பு, காகிதத் தட்டு, கரும்புச் சக்கை. மாநகராட்சி ஆட்கள் விடியும் முன்பே வந்து அள்ளுகிறார்கள், அள்ளித் தீரவில்லை. வேகவைத்த எலும்பு கடித்தால் சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்று கோகோவின் அம்மா போகிற வருகிற எல்லோரையும் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். (என் போனில் எல்லோரும் இப்படித்தான்: கோகோ அம்மா, புரூனோ அங்கிள், சிம்பா டிரைவர் அண்ணன். சொந்தப் பெயர் ஒருவருடையதும் தெரியாது. என்னை என்ன பெயரில் போட்டு வைத்திருப்பார்கள்?)

சிம்பா வந்தது. கூட்டி வந்தது வேறு பையன். கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அண்ணன் எங்கே என்று கேட்டேன், ஊருக்குப் போயிருக்கிறார், பொங்கல், ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவார் என்றான். நான் வேறு என்னவோ நினைத்துவிட்டிருந்தேன்.

ஜனவரி 20, திங்கள்

மெஷின் ஓடியது.

மிளகு ஒரு சுத்தக் கருப்பு நாட்டு நாய், நான்காவது மெயின் ரோட்டில் துணி தேய்ப்பவருடையது. வண்டிக்குக் கீழேதான் வாசம். கருப்பு நாயை எடுப்பது போன்ற வதை இல்லை. கேமராவுக்கு முன்னால் அவ்வளவு கருப்பு நின்றால் அது இடம் இருட்டாக இருக்கிறது என்று தப்பாக எண்ணிக்கொண்டு எல்லாவற்றையும் வெளுக்க அடிக்கிறது, நாய் சாம்பல் நிறமாகிவிடும், வானம் காணாமல் போய்விடும். எக்ஸ்போஷரை ஒரு படி இறக்கினால் கருப்பு கருப்பாக நிற்கும், ஆனால் கண் உள்ளே போய்விடும். தெருவில் மரநிழல் வேறு. கடைசியில் தேய்ப்பவர் தானே ஒரு வெள்ளை வேட்டியை உதறிப் பிடித்தார், வெயில் அதில் பட்டு மிளகின் முகத்தில் விழுந்தது. ஸ்டுடியோக்காரன் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிற ரிஃப்ளெக்டர். அதன் கண் தேன் நிறம் என்று அவருக்கே இன்றுதான் தெரியும் என்றார்.

வேட்டி யாருடையதோ. மறுபடியும் தேய்த்துக் கொடுத்திருப்பார்.

ஜனவரி 23, வியாழன்

கரையெல்லாம் ஆமை. பங்குனி ஆமைகள், செத்து ஒதுங்கியவை, ஊதிப்போய். இந்த மாதம் பூரா சென்னைக் கரையில் இப்படித்தான், பேப்பரிலும் வருகிறது, நூற்றுக்கணக்கில் என்கிறார்கள். முட்டையிட வருகிற பருவம் இது. அதற்கு நுரையீரல்தான், மீனைப் போலச் செவுள் கிடையாது, இழுவலையில் மாட்டினால் மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் மூழ்கிச் செத்துப்போகும். கடலில் வாழ்கிற ஒன்று கடலிலேயே மூழ்கிச் சாவது.

புரூனோ (பீகிள்) அதில் ஒன்றின்மேல் நன்றாகப் புரண்டு எழுந்தது. அங்கிள் கெட்ட வார்த்தையில் திட்டினார், நாயையா, படகுக்காரர்களையா, என்னையா என்று தெரியவில்லை. நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் படங்களை அப்பாவிடம் காட்டவில்லை.

ஜனவரி 25

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கஞ்சியும் இல்லை, தண்ணீரும் ஸ்பூனில்தான். பக்கத்து வீட்டில் சேப்பாக்கம் மேட்ச், திலக் வர்மாவுக்கு விசில் அடித்தார்கள்.

ஜனவரி 28, செவ்வாய்

நடக்கப் போகவில்லை. அப்பா விழித்ததும் நோட்டைக் கேட்டார். ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தது ஸ்டாம்பைப் பற்றி. 2005இல் தபால் துறை நாலு நாய்க்கு ஸ்டாம்ப் போட்டது: இமாலய மேய்ச்சல் நாய், ராம்பூர், முதோல், ராஜபாளையம். ராஜபாளையம் இருக்கிறது, சிப்பிப்பாறை இல்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை. "வெள்ளையா இருந்தா போதும், எவனும் தூக்கி வச்சு ஆடுவான். அதுல சிலது பிறவிச் செவிடு. சிப்பிப்பாறை வாயத் தொறக்காது, ஓடுச்சுன்னா முயல் காலி." அதற்கு அடுத்த வரி: "முயல் வேட்டை தப்பு. சட்டப்படி குற்றம். நான் போனதில்லை. பார்த்திருக்கேன்."

பார்த்தது எப்படி, போகாமல்?

அப்பாவை நாய் கடித்த கதை எனக்கு மனப்பாடம். தபால் பையோடு சந்துக்குள் போனபோது கடித்தது, அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி, சட்டையைத் தூக்கிக் காட்டுவார், தழும்பு ஒன்றும் இருக்காது. அந்த ஆள்தான் நாயின் வால் கணுக்காலைத் தாண்டுகிறதா என்று ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறார்.

மதியம் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மடித்துக் கொடுத்தார். மேலே விலாசம் மாதிரி எழுதியிருந்தது: "தோனியின் பாட்டி அவர்கள், ஊரூர் குப்பம்." உள்ளே:

"அம்மா அவர்களுக்கு வணக்கம். நான் ஓய்வு பெற்ற தபால்காரன். உடம்பு சரியில்லாததால் நேரில் வர இயலவில்லை. தங்கள் நாயைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுக்க என் மகனுக்கு அனுமதி தரவும். திருஷ்டி படாது. எனக்குக் கண் பார்வையும் குறைவு."

ஜனவரி 30

கடிதம் சேர்த்தாயிற்று. பேரன் சத்தமாகப் படித்துக் காட்டினான். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, தாளை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

பிப்ரவரி 1, சனி

"உங்கப்பாவுக்கு என்னா?"

சொன்னேன். தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

"எந்த ஆஸ்பத்திரி?" அதையும் சொன்னேன். "எங்க வூட்டுக்காரரும் அங்கதான் போனாரு" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நாயைத் தானே பிடித்து நிறுத்தினார். நெட்டில் போடக்கூடாது, வேறு யாருக்கும் காட்டக்கூடாது, அப்பாவுக்கு மட்டும், எடுத்து முடித்ததும் நான் அங்கேயே மூன்று முறை தூ தூ என்று துப்ப வேண்டும். அதனால் படம் இங்கே வராது, கேட்காதீர்கள். பக்கவாட்டில் எடுத்தேன், தலை தனியாக, முன்னங்கால் தனியாக, வால் தனியாக. மணலில் குப்புறப் படுத்து எடுத்ததில் லென்ஸ் வளையத்துக்குள் மணல் போய்விட்டது, திருகினால் நறநற என்கிறது. ஓடவிட்டு ஒரு படம், ஆயிரத்தில் ஒரு நொடி வைத்தும் பின்னங்கால் கலங்கியிருக்கிறது. நான்கு காலும் தரையில் இல்லை.

துப்பினேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

தீர்ப்பு வந்தது. முக்கால் பக்கம். சுருக்கம்: தலை சரி. வயிறு ஏறியிருப்பது சரி. வால் கணுக்கால் வரை வருகிறது, சரி. காது சரியில்லை, மடிப்பு தப்பு. மார்பில் வெள்ளை அதிகம். "முக்கால் சிப்பிப்பாறை. மிச்சம் என்னன்னு பாட்டிக்குத் தெரியும். எந்த ஊர்க் குட்டி, தாய் யாரிடம் இருந்தது, கேட்டு வா."

கேட்டால் அடிப்பார் என்றேன். "லெட்டர் தரேன்" என்று எழுதினார். கை நடுங்குகிறது, எழுத்து சாய்கிறது. நாளைக்குப் பிரிண்ட் கடைக்குப் போக வேண்டும், ஒரு காப்பி பாட்டிக்கு.

பிப்ரவரி 4, செவ்வாய்

மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டுமாம். இன்றைக்கே அட்மிட் ஆகச் சொல்லிவிட்டார்கள். வேட்டி இரண்டு, ஃபிளாஸ்க், சார்ஜர், நோட்டு, ரெண்டு பேனா. பிரிண்ட்டை அக்காவிடம் கொடுத்திருக்கிறேன், அவளுக்குக் குப்பத்துக்கு வழி சொல்ல வேண்டும், சிம்பா டிரைவர் அண்ணனைக் கேட்டால் கூட்டிப் போவார். ஆட்டோ வந்துவிட்டது