மிச்சம் முழுக்க வெறும் பலகை

நேற்று செவ்வாய்க்கிழமை, சாமான் அடுக்கி வைக்கிற எங்கட பேலியகொடை ஸ்டோர்ஸில லொறிக்குப் பின்னால நிண்டு எட்டிப் பாத்தன். பருப்பு பத்து மூட்டை, சீனி ஆறு, மிச்சம் முழுக்க வெறும் பலகை. நிரம்பினாலும் நிரம்பாட்டியும் எங்கட வெள்ளவத்தைக் கடைக்கு லொறி ஹயர் காசு ஒண்டுதான்.

முந்தி ஒவ்வொரு சாமானுக்கும் கடையில இவ்வளவு இருக்கோணும் எண்டு ஒரு கோடு, இருப்பு அதுக்குக் கீழ போனவுடன ஓடர், அதால கிழமைக்கு நாலு ஹயர். பிறகு 2022 தொடங்கேக்க 121 ரூபாயா இருந்த டீசல் ஜூன் முடிய முதல் 460க்குப் போச்சா, முதலாளி சட்டம் போட்டிட்டார், லொறி நிரம்பாம கேட் தாண்டக்கூடாது. நிரம்பினதுதான், டிஷ்யூவாலயும் நூடில்ஸ் பெட்டியாலயும். கடையில கீரி சம்பா முடிஞ்சு மூண்டு நாள், வாற ஆக்கள் எல்லாம் அடுத்த கடைக்குப் போயிட்டினம், பின்னறையில சோயாமீற் கிடந்து எக்ஸ்பயர் ஆகுது.

இப்ப லொறி செவ்வாய், வெள்ளி ரெண்டு நாள், ஒவ்வொரு சாமானுக்கும் சிவப்பு, அதுக்கு மேல மஞ்சள் எண்டு ரெண்டு கோடு. சிவப்புக்குக் கீழ போனது கட்டாயம் ஏறோணும். மஞ்சளுக்குக் கீழ நிக்கிறது தனக்காக லொறி கேக்காது, ஆனா வேறொண்டுக்காக லொறி போகுதெண்டா தானும் தொத்திக்கொள்ளும். இத 1964லயே பாலின்ட்ஃபி எண்டவர் எழுதிட்டாராம், நான் ரெண்டு கிழமை என்ர கண்டுபிடிப்பெண்டு பீத்திக்கொண்டு திரிஞ்சன்.

கொஞ்சம் கூடுதலா எடுக்கிறதுக்குப் பயப்பிடத் தேவையில்லை. 1913ல ஹாரிஸ் எண்டவர் போட்ட கணக்குப்படி, செலவு ஆகக் குறையிற ஓடர் அளவு 100 பெட்டி எண்டா, 120 எடுத்தாலும் ஓடர் செலவும் வச்சிருக்கிற செலவும் சேத்து 2 வீதம்கூட ஏறாது. 200 எடுத்தா 25 வீதம் ஏறும். லொறிய நிரப்புற விளையாட்டெல்லாம் இந்த இடைவெளிக்குள்ளதான்.

நிரம்புறதெண்டா என்ன எண்டதிலயும் எங்களுக்குள்ள சண்டை. அரிசி ஏத்தினா அரைவாசி உயரத்திலயே பாரம் முடிஞ்சிடும், டிஷ்யூ ஏத்தினா இடம் முடிஞ்சிடும் பாரமே இருக்காது. எங்கட மூட்டை ஏத்திற நாட்டாமை அண்ணை டயரப் பாத்தே சொல்லுவார், "தம்பி, பாரம் சரி, மேல பப்படம் போடு." என்ர எக்ஸலுக்கு இது விளங்க ஒரு மாசம் போச்சு.

நேற்று மஞ்சளிலயும் ஒண்டும் இல்லை. முதலாளி கேமராவில பாத்திட்டு கோல் எடுத்தார். வெள்ளி வரைக்கும் பருப்பு தாங்காது, அனுப்பத்தான் வேணும் எண்டன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அப்ப டிஷ்யூ ஒரு பத்துப் பெட்டி போடன்" எண்டார்.