காய்ச்சல் விட்ட பிறகுதான் வேலையே: தம்பியின் டெங்குவும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வியாசர்பாடியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது காய்ச்சலில் படுப்பது வழக்கம். அதனால் தம்பிக்கு உடம்பு கொதித்தபோது வீட்டில் யாரும் பெரிதாகப் பதறவில்லை. ஆனால் சளி இல்லை, இருமல் இல்லை. கண்ணைத் திருப்பினாலே உள்ளுக்குள் வலிக்கிறது, இடுப்பு முறிந்துவிடும் போலிருக்கிறது என்றான். மறுநாள் காலையே மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓபி சீட்டு போட்டுவிட்டேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா ரத்தம் எடுக்கச் சொன்னார். காய்ச்சல் வந்த முதல் சில நாட்களில் என்எஸ்1 பரிசோதனையில் டெங்கு தெரிந்துவிடும். ஐந்து நாள் தாண்டிவிட்டால் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருளைப் பார்க்க வேண்டும். தம்பிக்கு என்எஸ்1 பாசிட்டிவ். கூடவே எடுத்த சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணும் ரிப்போர்ட்டில், ரத்தம் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று காட்டும் பிசிவி என்ற வரியைப் பேனாவால் வட்டம் போட்டு, "இந்தப் பேப்பரைத் தொலைச்சிடாதீங்க. எங்க போனாலும் இதைத்தான் முதல்ல காட்டணும்" என்றார். அன்று அது 41. அந்த வட்டத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று பின்னால்தான் விளங்கியது.

"அட்மிட் பண்ணிடுங்களேன்" என்று அம்மா கெஞ்சினாள். வாந்தி இல்லை, நன்றாகக் குடிக்கிறான், யூரின் போகிறது, சர்க்கரை மாதிரி வேறு வியாதியும் இல்லை. வீட்டில் வைத்தே பார்க்கலாம், தினமும் வந்து ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் அதையே சரி என்பேன். டெங்குவுக்கென்று கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது. தண்ணீர், ஓய்வு, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், கண்காணிப்பு, அவ்வளவுதான். இதில் முதல் மூன்றையும் எல்லா வீட்டிலும் செய்துவிடுகிறோம். நாலாவதில்தான் கோட்டை விடுகிறோம்.

அங்கிருந்த சிஸ்டர் சொன்னபடி ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டேன். மணி, காய்ச்சல், மாத்திரை, குடித்தது, யூரின், வாந்தி. வீட்டு எவர்சில்வர் டம்ளர் ஒன்றை அளந்து பார்த்தால் 200 மில்லி பிடித்தது. அந்த டம்ளர் தவிர வேறெதிலும் அவனுக்குக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். ஓஆர்எஸ், கஞ்சி, உப்புப் போட்ட மோர், இளநீர் மாறி மாறிப் போகும். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதில் பயனில்லை, உப்பும் சேர்ந்து போக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பாராசிட்டமால் 650 ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, நாளைக்கு நாலுக்கு மேல் கூடாது.

உடம்பு வலி தாங்காமல் கத்தினானே என்று தெருமுனை மெடிக்கலில் கேட்டால், "ஒரு ஊசி போட்டா அடங்கிடும்" என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். டைக்லோஃபினாக், இபுப்ரோஃபென், மெஃபினமிக், ஆஸ்பிரின் எல்லாம் டெங்குவில் வயிற்றைப் புண்ணாக்கி ரத்தக்கசிவுக்கு வழி செய்யும். நிலவேம்புக் குடிநீரை அரசே ஊற்றிக் கொடுக்கிறது, அம்மா கொடுத்ததை நான் தடுக்கவில்லை. பப்பாளி இலைச் சாற்றுக்குத்தான் தடை போட்டேன். குமட்டிக்கொண்டு இருப்பவனுக்கு அதைக் கொடுத்தால் குடித்த கஞ்சியும் வெளியே வந்துவிடும்.

பட்டப்பகலில் கொசுவலை கட்டியதைப் பார்த்து எதிர்வீட்டில் சிரித்தார்கள். ஏடிஸ் கொசு கடிப்பதே பகலில்தான். அவன் ரத்தத்தில் வைரஸ் இருக்கும்போது கடித்த கொசு, கொஞ்ச நாள் கழித்து நம்மைக் கடிக்கும். வலை அவனுக்காக இல்லை, எங்களுக்காக.

நாலாம் நாள் விட்டு ஐந்தாம் நாள் காலை உடம்பு சில்லென்று ஆனது. "மாரியாத்தா கண்ணைத் திறந்துட்டா" என்று அம்மா இட்லிக்கு அடுப்பு பற்றவைத்தாள். நோட்டைப் பார்த்தேன். காய்ச்சல் கட்டம் நல்ல செய்தி சொல்ல, பக்கத்துக் கட்டங்கள் வேறு கதை சொல்லின: விடியற்காலையிலிருந்து வாந்தி, குடித்தது ஒரு டம்ளர்கூட முழுதாக இல்லை, ராத்திரி பத்து மணிக்குப் பிறகு யூரினே போகவில்லை. மேல் வயிறு வலிக்கிறது என்றான். "எழுந்திருடா" என்றால், "அக்கா, விடேன்" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். கை ஈரமாக, ஜில்லென்று இருந்தது.

டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் கண்டம். அப்போதுதான் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியே போகிறது. 24 முதல் 48 மணி நேரம் அது நீடிக்கும். தாங்க முடியாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், அசதி அல்லது நிலைகொள்ளாத தவிப்பு, இதில் ஒன்று வந்தாலும் அடுத்த ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கக் கூடாது.

இந்த நேரத்தில் சொந்தக்காரர்களின் போன். ரத்தத்தை உறையவைக்கும் அணுக்களைப் பற்றித்தான் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "பிளேட்லெட் எவ்ளோ?" சித்தப்பா சொன்னாரே என்று ஒரு தனியார் மருத்துவமனைக்குப் பேசினேன். அங்கேயும் முதல் கேள்வி அதுதான், இரண்டாவது கேள்வி இன்ஷூரன்ஸ். போனை வைத்துவிட்டு 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போனோம்.

டூட்டி டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். "எப்போ காய்ச்சல் விட்டுச்சு? கடைசியா எப்போ யூரின் போனார்?" என்றார். நான் பதில் சொல்லாமல் நோட்டை நீட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, பக்கத்தைப் புரட்டிவிட்டு சிஸ்டரைக் கூப்பிட்டார். பிபி 100/76. "நூறு இருக்கே, நார்மல்தானே சார்?" என்று கேட்டேன். "மேல இருக்கிறதை மட்டும் பார்க்காதீங்கம்மா. மேலயும் கீழயும் நெருங்கி வருது பாருங்க. வித்தியாசம் இருபதுக்கு வந்தா ஷாக், உடம்புக்கு ரத்த ஓட்டமே பத்தாமப் போயிடும்" என்றார். பிசிவி 49 வந்தது. பழைய பேப்பரில் வட்டம் போட்ட 41-ஐயும் இதையும் பக்கத்தில் வைத்து, ரத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கெட்டிப்பட்டிருக்கிறது என்று காட்டினார். முதல் ரிப்போர்ட் கையில் இல்லாவிட்டால் 49 என்பது ஒரு ஆண்பிள்ளைக்குச் சாதாரண எண்ணாகக்கூடத் தெரிந்திருக்கும்.

பிளேட்லெட் 48,000. மாமா பையன் நண்பர்களோடு ரத்தம் கொடுக்கத் தயாராக வந்து நின்றான். ரத்தக்கசிவு இல்லாதபோது, பத்தாயிரத்துக்குக் கீழே போகாதபோது, பிளேட்லெட் ஏற்றத் தேவையில்லை என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். அவனுக்கு வருத்தம்தான்.

எடைக்கு ஏற்றபடி ட்ரிப்ஸ் போட்டார்கள். தம்பி அறுபது கிலோ. மணிக்கு 300 மில்லியில் ஆரம்பித்து, பிபி, பிசிவி பார்த்துப் பார்த்துக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். என் வேலை, கட்டிலுக்கு அடியில் கோடு போட்ட பாட்டிலில் யூரினை அளந்து சொல்வது. மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். வார்டில் கூட்டத்துக்குக் குறைவில்லை, ஒரு சிஸ்டருக்கு எத்தனை பேர் என்று எண்ணவே மனசு வராது. எழுதிச் சொல்ல ஆள் இருந்தால் அவர்களுக்கும் நிம்மதி. பக்கத்துக் கட்டில் பாட்டியின் கணக்கையும் நானே எழுதினேன்.

கசிவு நின்றதும் வெளியே போன நீர் தானாக ரத்தத்துக்குத் திரும்புமாம். அந்த நேரத்தில் ட்ரிப்ஸ் ஓடிக்கொண்டே இருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். டாக்டர் ட்ரிப்ஸை நிறுத்தியதும், "பணம் கட்டாத இடம், அதான் பாதியிலேயே கழட்டிட்டாங்க" என்று பார்க்க வந்த ஒரு அத்தை முணுமுணுத்தாள். நேரத்துக்கு நிறுத்துவதும் வைத்தியம்தான் என்று அவளுக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை. பிறகு காலெல்லாம் சிவந்து, நடுநடுவே வெள்ளைத் திட்டாக, பயங்கர அரிப்பு. அது குணமாகிற அடையாளம். பசி எடுத்தது, பிளேட்லெட் தானாக ஏறியது, வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்குள் மாநகராட்சி ஆட்கள் வீட்டுக்கு வந்து புகை அடித்திருந்தார்கள். கொசுப்புழு பார்க்கிற அக்கா, நாங்கள் மெட்ரோ வாட்டர் பிடித்துவைக்கும் நீல டிரம்மில் டார்ச் அடித்து நெளியும் புழுவைக் காட்டினார். கவிழ்த்துக் கொட்டினால் போதாது, உள்பக்கம் ஒட்டியிருக்கும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்தே கிடந்து தண்ணீர் பட்டதும் பொரிக்கும், பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும் என்றார்.

உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே டெங்கு நோயாளி வீட்டுக்கு எடுத்துப் போக ஒரு அட்டை உண்டு. அந்த மாதிரி ஒன்றைத் தமிழில் ஓபி சீட்டுக்குப் பின்பக்கம் அச்சடித்தால் தனிச் செலவுகூட இல்லை. முதல் பிசிவி எழுத ஒரு கட்டம், காய்ச்சல் விட்ட மணிக்கு ஒரு கட்டம், யூரினுக்கு நாலு வரி. சுகாதார நிலையத்து டாக்டரம்மாவிடம் இதைச் சொல்லி, என் நோட்டின் ஜெராக்ஸையும் கொடுத்திருக்கிறேன். மேலே எழுதிப் போடுவதாகச் சொன்னார். அதுவரை சிஸ்டர் அந்த ஜெராக்ஸையே நகல் எடுத்துக் காய்ச்சலோடு வருகிறவர்களுக்குக் கொடுத்து அனுப்புகிறார்.