பெரூஜாவில் இத்தாலியன் படித்தேன்

இத்தாலிக்குப் போய்விட்டால் இத்தாலியன் தானாக வந்துவிடும் என்று நினைத்துக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: வராது. பெரிய சுற்றுலா நகரங்களில் மாதக்கணக்கில் இருந்தும் காபி கேட்பது, நன்றி சொல்வது என்ற அளவிலேயே நின்றுவிட்டவர்கள் உண்டு. நாம் தட்டுத்தடுமாறி ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பதற்குள் எதிரில் நிற்பவர் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். அதனால் ஊரைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

நான் பிடித்தது பெரூஜா. மத்திய இத்தாலியில் இருக்கும் உம்ப்ரியா மாநிலத்தின் தலைநகர், மலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும் ஊர். வெளிநாட்டவருக்கு இத்தாலியன் கற்றுத்தருவதற்கென்றே 1920-களில் தொடங்கிய பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. பழைய மாளிகை ஒன்றில் வகுப்பு. வெளியே வந்தால் எதிரிலேயே, ரோமானியர்களுக்கு முன் அங்கே வாழ்ந்த எட்ருஸ்கர்கள் கிறிஸ்துவுக்கு முன்பே கட்டிய நகர வாசல். வெளிநாட்டு மாணவர்களைப் பார்த்துப் பழகிய ஊர் என்பதால், நம் உடைந்த இத்தாலியனைப் பொறுமையாகக் கேட்கிறார்கள்.

விசா பற்றி நீட்டப்போவதில்லை. சேர்க்கைக் கடிதம், தங்குமிடத்துக்கான சான்று, வங்கிக் கணக்கு விவரம், மருத்துவக் காப்பீடு எல்லாம் ஒழுங்காக இருந்தால் அது ஒரு வரிசை, அவ்வளவுதான். உண்மையான பாடம் போய் இறங்கிய பிறகு ஆரம்பிக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் படிப்பதென்றால், எட்டு வேலை நாட்களுக்குள் ‘பெர்மெஸ்ஸோ தி சொஜோர்னோ’ என்ற தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். தபால் நிலையத்தில் இலவசமாக ஒரு பெரிய உறை தருவார்கள். உள்ளே இருக்கும் படிவம் முழுக்க இத்தாலியன். 16 யூரோ வரிவில்லையை சிகரெட் கடையில் வாங்கி ஒட்ட வேண்டும். பாஸ்போர்ட் நகல்களையும் மற்ற காகிதங்களையும் வைத்து, உறையை ஒட்டாமல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பிறகு கைரேகைக்குப் போலீஸ் அலுவலகத்துக்கு எப்போது வர வேண்டும் என்று ஒரு தேதி வரும்.

கவுன்டரில் இருந்த அம்மா ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசவில்லை. படிவத்தை என் பக்கம் திருப்பி, காலியாக இருந்த கட்டத்தைப் பேனாவால் தட்டிக்கொண்டே அதே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்கிறார் என்பது மூன்றாவது முறையில்தான் பிடிபட்டது. ‘நோ’ என்றேன். சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டினார். அந்தக் கேள்வி இனி எந்தப் படிவத்தில் வந்தாலும் மறக்காது.

அங்கே காத்திருக்கும் இடங்களில், டோக்கன் இல்லையென்றால், வரிசை என்று யாரும் நிற்பதில்லை. உள்ளே நுழைந்ததும் பொதுவாக ‘கி எ லுல்த்திமோ?’, அதாவது கடைசி ஆள் யார் என்று கேட்க வேண்டும். ஒருவர் கை தூக்குவார். அவருக்கு அப்புறம் நாம். கூச்சப்பட்டு ஓரமாக நின்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

அறை விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். இந்திய மாணவர்கள் சேர்ந்திருந்த வீட்டில் இடம் கிடைத்தது, வாடகையும் குறைவு. வேண்டாம் என்று ஒரு வயதான சின்யோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில் சேர்ந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. முதல் மாதம் தலைவலியே வந்தது. ஆனால் சமையலறையில் அவர் விடாமல் பேசுவார். உம்ப்ரியா ரொட்டியில் உப்பே கிடையாது, அதை நான் முகம் சுளித்துத் தின்றதைப் பார்த்து அரை மணி நேரம் விளக்கம். காஸ்தெல்லூச்சோ பருப்பு என்று சின்னச் சின்னதாக ஒன்று அந்தப் பக்கத்து மலையில் விளைகிறது. புத்தாண்டு இரவில் பருப்பு தின்றால் பணம் சேருமாம், இரண்டாம் முறை தட்டில் போட்டுவிட்டுத்தான் போனார். சினிமாவிலும் தப்பிக்க வழியில்லை. ஹாலிவுட் படமெல்லாம் இத்தாலியனில் டப்பிங் பேசுகிறது.

மொழியில் நமக்குச் சில வசதிகள் உண்டு. வினைமுற்றிலேயே ஆள் தெரிந்துவிடுவதால், ‘போகிறேன்’ என்பதுபோல ‘வாதோ’ என்றாலே போதும், ‘நான்’ தேவையில்லை. ஒற்று இரட்டிப்பதும் நம் காதுக்குப் பழக்கம். ‘பாலா’ என்றால் மண்வெட்டி, ‘பால்லா’ என்றால் பந்து. ஸ்பானிஷ் பேசும் வகுப்புத் தோழர்கள் வார்த்தைகளை வேகமாகப் பிடித்துவிட்டு இங்கே தடுக்கி விழுந்தார்கள். எனக்கு வராதது பால் வேறுபாடு. மேசை ஆண்பால், நாற்காலி பெண்பால் என்றால், எல்லாவற்றையும் அஃறிணையில் போட்டு வளர்ந்தவள் என்ன செய்வேன்?

பேச்சு சரளமானது வகுப்பில் இல்லை, கதீட்ரல் படிக்கட்டில். எதிரில் 13-ஆம் நூற்றாண்டு நீரூற்று, சாயங்காலமானால் ஊரே கோர்சோ வன்னூச்சி தெருவில் மேலும் கீழும் நடக்கும். பிரேசில், சீனா, நான் என்று உட்கார்ந்தால் எங்களுக்குள் பொதுவாக இருந்தது அரைகுறை இத்தாலியன் மட்டும்தான். எல்லாருமே தப்பாகப் பேசுவதால் யாருக்கும் வெட்கமில்லை.

கடைசியில் ‘செலி’ என்ற இத்தாலியன் மொழித் தகுதித் தேர்வில் மூன்றாம் நிலை எழுதினேன். ஐரோப்பிய மொழி அளவுகோலில் அது பி2, நடுத்தரத்துக்குச் சற்று மேலான நிலை. கேட்டலும் பேச்சும் தண்ணீர் பட்ட பாடு. எழுத்துதான் இழுத்தது. சின்யோராவின் சமையலறையில் யாரும் புகார்க் கடிதம் எழுதச் சொல்வதில்லையே. அதனால் வீட்டில் பேசக் கிடைக்கும் மாணவர்கள் மதிய வேளையை எழுத்துப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். வாரம் ஒரு கடிதமாவது எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள், சிவப்பு மை போட்டுத் திருப்பித் தருவார்கள்.