பழைய பைனாகுலருக்கு 77.28 சதவீதம்

தபால்காரர் பார்சலைக் கையில் தரவில்லை. பைக் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டு மேலே ஒட்டியிருந்த சீட்டை மட்டும் காட்டினார். "இருபத்திரெண்டாயிரத்து நானூத்தி அறுபத்தஞ்சு அண்ணாச்சி. ரொக்கமா இருக்கா?"

உள்ளே இருந்த பொருளின் விலையே சுமார் 24,000 ரூபாய்தான். அதுவும் புதுசு இல்லை. ஜப்பானில் யாரோ வருஷக்கணக்கில் கழுத்தில் மாட்டித் திரிந்த நிக்கான் 8×30 பைனாகுலர். கூந்தன்குளத்துக்கும் அதைச் சுற்றியுள்ள குளங்களுக்கும் பறவை பார்க்கப் போகிற ஆள் நான். அதுவரை வைத்திருந்த மலிவுப் பைனாகுலரில் அந்தி நேரத்தில் எல்லாப் பறவையும் காக்காய் மாதிரிதான் தெரியும். பழைய ஜப்பான் கண்ணாடியின் தரத்தைப் பற்றி நண்பர்கள் சொல்லிச் சொல்லி ஆசை வந்துவிட்டது. இது நடந்தது 2023 செப்டம்பரில்.

ஜப்பான் வியாபாரிகளின் விளம்பரத்தைப் படிக்க ஒரு தனிப் பழக்கம் வேண்டும். 'மின்ட்' என்றால் நல்ல நிலை. 'நியர் மின்ட்' என்றால் நல்ல நிலை என்று அவர்கள் நினைக்கிறார்கள். 'எக்ஸலன்ட்' என்று போட்டுப் பக்கத்தில் ஐந்து கூட்டல் குறி இருந்தால், கீறல் எங்கே என்று படத்தைப் பெரிதாக்கித் தேட வேண்டும். பூஞ்சை, மங்கல் இரண்டும் 'இல்லை' என்று எழுதியிருந்ததால் வாங்கினேன். தபால் செலவு இலவசம் என்றும் போட்டிருந்தது. அந்த 'இலவசம்' பின்னால் என்ன பாடு படுத்தும் என்று அப்போது தெரியாது.

பணம் கட்டும்போதே முதல் அடி. என் கார்டுக்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் 3.5 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 24,000-க்கு 991 ரூபாய். சரி, போகட்டும்.

வரி பற்றி நான் யோசிக்காமல் இல்லை. பைனாகுலருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று தெரியும். 2017 நவம்பரில் 28-லிருந்து இறக்கினார்கள். சுங்க வரிப் பட்டியலில் பைனாகுலரின் தலைப்பு எண் 9005 என்பதையும் தேடி வைத்திருந்தேன். அதற்குரிய சுங்கம், அதன் மேல் 18, எப்படிப் போனாலும் பத்தாயிரத்தைத் தாண்டாது என்று ஒரு தாளில் கணக்குப் போட்டு அலமாரிக்குள் வைத்தேன். வீட்டில் கேட்டால் காட்டுவதற்கு.

'கிஃப்ட் என்று போடச் சொல்லுங்க, விலையைக் குறைச்சுப் போடச் சொல்லுங்க' என்று இரண்டு பேர் யோசனை சொன்னார்கள். கிஃப்டுக்கு இருந்த வரிச் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. ராக்கிக் கயிறும் உயிர்காக்கும் மருந்தும்தான் மிச்சம். விலையைக் குறைத்துப் போட்டால் வழியில் பார்சல் தொலையும்போது நஷ்ட ஈடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான். பொய் சொல்லுகிற தைரியமும் எனக்கு இல்லை என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இஎம்எஸ் என்கிற சர்வதேச விரைவுத் தபாலில் கிளம்பிய பார்சல் ஒரு வாரத்தில் இந்தியா வந்தது. பிறகு பல நாள் இணையத்தில் அதன் நிலை மாறாமல் நின்றது. ஒரு காலையில் 'ரிட்டர்ன் ஃப்ரம் கஸ்டம்ஸ்' என்று வந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஜப்பானுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று வியாபாரிக்கு மன்னிப்புக் கடிதம்கூட எழுதி முடித்துவிட்டேன். சுங்கம் பார்த்து முடித்துத் தபால்துறையிடம் திரும்பக் கொடுத்துவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தமாம். நல்லவேளை, கடிதத்தை அனுப்பவில்லை.

இனி அந்தச் சீட்டுக்கு வருகிறேன். தனிநபர் தன் உபயோகத்துக்குத் தபாலிலோ விமானத்திலோ வரவழைக்கும் பொருளுக்கு 9804 என்று ஒரு தனித் தலைப்பு உண்டு. பைனாகுலரோ பாத்திரமோ, அநேகமாக எல்லாம் அதற்குள் போய்விடும். அன்றைய விகிதத்தில் 24,000 ரூபாய்க்குக் கணக்கு இப்படி ஓடும்: அடிப்படைச் சுங்கம் 35 சதவீதம், 8,400. அந்த 8,400-இல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, 840. பொருளின் விலையோடு இந்த இரண்டையும் கூட்டினால் 33,240. அதன் மேல் 28 சதவீதம் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி), 9,307. ஆக 18,547 ரூபாய், விலையில் 77.28 சதவீதம். வரியின் மேல் வரி, அதன் மேல் இன்னொரு வரி.

2021-இல் கொரோனா உச்சத்தில் இருந்தபோது இதே 28 சதவீத ஐஜிஎஸ்டி செய்தியில் அடிபட்டது. வெளிநாட்டிலிருந்து சொந்த உபயோகத்துக்கு ஆக்சிஜன் செறிவூட்டி வரவழைத்தவர்களிடமும் அதைக் கேட்டார்கள். மே மாதம்தான் அதற்கு மட்டும் ஐஜிஎஸ்டியை 28-லிருந்து 12 ஆக்கினார்கள். அன்றைக்குப் பேப்பரில் அதைப் படித்துக் கோபப்பட்டவன்தான் நான். என் பைனாகுலர் என்று வரும்போது ஞாபகம் வரவில்லை.

ஆனால் 24,000-க்கு 18,547 என்றால் சீட்டில் ஏன் 22,465? தபால்காரரை நிறுத்தி வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்து செல்போனில் கணக்குப் போட்டேன். 22,465-ஐ 0.7728-ஆல் வகுத்தால் 29,070. அதாவது என் பொருளுக்கு 29,070 ரூபாய் மதிப்புப் போட்டிருக்கிறார்கள். 24,000-இல் 20 சதவீதம் 4,800, 1.125 சதவீதம் 270. கூட்டினால் அச்சாக அதே 29,070! கப்பல் கூலியோ விமானக் கூலியோ எவ்வளவு என்று தெரியாவிட்டால் விலையில் 20 சதவீதமும், காப்பீடு தெரியாவிட்டால் 1.125 சதவீதமும் சேர்க்கலாம் என்பது சுங்க மதிப்பீட்டு விதி. பார்சலோடு வந்த இன்வாய்ஸில் 'ஷிப்பிங் 0' என்று இருந்திருக்கிறது. கூலி இல்லாமல் பார்சல் பறந்து வராது என்று கூலியைச் சேர்த்துவிட்டார்கள். விலைக்குள்ளேயே கூலி அடங்கியிருக்கிறது என்று அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

"வாங்கிட்டு அப்புறமா எழுதிப் போடலாமா?" என்று கேட்டேன்.

"அதெப்படி அண்ணாச்சி? வாங்கிட்டா முடிஞ்சு போச்சு. ஆபீசுக்கு வந்து போஸ்ட்மாஸ்டர் சார்ட்ட பேசுங்க" என்று பார்சலைத் திரும்பக் கொண்டுபோய்விட்டார்.

இந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். வரி அதிகம் என்று தோன்றினால் பார்சலைப் பெற்றுக்கொள்வதற்கு முன்பே மறுமதிப்பீடு கேட்க வேண்டும். பிரித்துவிட்டால் உள்ளே என்ன இருந்தது என்பதற்கே சாட்சி கிடையாது. போஸ்ட்மாஸ்டரிடம் எழுதிக் கொடுத்து பார்சலை நிறுத்தி வைத்தேன். மனுவில் இரண்டு கோரிக்கை: ஒன்று, 20 சதவீதத்தையும் காப்பீட்டையும் நீக்க வேண்டும், இரண்டு, 9804-க்குப் பதில் 9005-இல் போட வேண்டும். கூடவே பணம் கட்டிய ரசீது, விளம்பரப் பக்கத்தின் பிரதி, ஆதார் நகல். வியாபாரியிடம் கேட்டதும் 'விலையில் தபால் செலவும் காப்பீடும் அடக்கம்' என்று புது இன்வாய்ஸ் அனுப்பினார். அதில் நாலு வரி வியாபாரம், எட்டு வரி மன்னிப்பு. அவர் செய்த தப்பு எதுவும் இல்லை.

பார்சல் மறுபடி சென்னைக்குப் போய்விட்டு வந்தது. மூன்று வாரம். முதல் கோரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவது கோரிக்கைக்குச் சுருக்கமான பதில்: சுங்க வரிப் பட்டியலில் 98-ஆம் அத்தியாயத்தின் முதல் குறிப்பைப் பார்க்கவும். எடுத்துப் பார்த்தேன். வேறு இடத்தில் ஒரு பொருளுக்குக் குறிப்பான தலைப்பு இருந்தாலும், இந்த அத்தியாயத்தின் நிபந்தனைக்குள் வந்தால் இதுதான் பொருந்தும் என்று தெளிவாகவே இருக்கிறது. அந்த வாதத்தில் நான் தோற்றது நியாயம்தான். கோவில்பட்டி நண்பர் ஒருவருக்குத் தனியார் கூரியரில் வந்த தொலைநோக்கி ஐபீஸுக்கு (கண்ணை வைத்துப் பார்க்கிற வில்லை) அதனுடைய சொந்தத் தலைப்பிலேயே குறைவாக வரி போட்டிருந்தார்கள். அதைக் காட்டி வாதாடலாம் என்று முதலில் நினைத்தேன். கூரியரில் வரும் பொருளுக்கு 9804 பொருந்தாது என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன். அவருக்கும் சும்மா வரவில்லை. வரியை முன்கூட்டிக் கட்டியதற்கென்று கூரியர் நிறுவனம் தனிக் கட்டணம் பிடித்தது.

அந்த 35 சதவீதம் பின்னால் வந்த பட்ஜெட்டில் குறைந்துவிட்டது. அதனால் என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், வாங்குகிற நாளில் 9804-க்கு என்ன விகிதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்வாய்ஸில் தபால் செலவைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். இலவசம் என்றால் 'விலையில் அடக்கம்' என்று எழுதச் சொல்லுங்கள். எனக்கு 3,918 ரூபாய் மிச்சமானது அந்த இரண்டு சொல்லால்தான்.

18,547 ரூபாயையும் தபால்துறையின் சிறு கட்டணத்தையும் கட்டி, தபால் அலுவலக மேசையிலேயே பார்சலைப் பிரித்தேன். உள்ளே மூன்று சுற்று குமிழித்தாள், இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். வலது கண்வில்லையின் ரப்பர் வளையம் மட்டும் வெளிறிப்போயிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பின்பக்கமாகத் திருப்பி உள்ளே பார்த்தேன். பூஞ்சை இல்லை. வரி கட்டிய சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு பெட்டிக்குள்ளேயே வைத்தேன். விற்கிற காலம் வந்தால் கேட்பார்கள்.

தபால்காரர் பைனாகுலரை வாங்கி, எதிர் வேப்பமரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திருப்பித் தந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை.

"பதினெட்டாயிரம் கட்டியும் அதே அணில்தான் தெரியுது அண்ணாச்சி."