கரப்பானும் இரண்டரை மாத ஊசியும்

பாப்பாவுக்கு இரண்டு மாதம் முடியும்போது கன்னம் இரண்டும் சிவந்து சொரசொரவென்று ஆனது. ஒரே வாரத்தில் முழங்கை மடிப்பில் நீர் கசிந்தது. மாமியார் பார்த்ததுமே, "கரப்பான்" என்றார். அன்றோடு எனக்குக் கத்திரிக்காயும் கருவாடும் கட். மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு!

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பாப்பாவின் இரண்டரை மாதத் தடுப்பூசிக்கு நாள் வந்தபோது, "உடம்பு இப்படி இருக்கசொல்லோ ஊசி போட்டா கரப்பான் உள்ளே இறங்கிடும், ஆறட்டும்" என்றார். நானும் தலையாட்டினேன். ஊசி போடும் புதன்கிழமை மூன்று போய்விட்டது.

நாலாவது புதன் மனசு கேட்கவில்லை. சுகாதார நிலையத்தில் சிஸ்டர் அட்டையைப் பார்த்து முறைத்தார். "காய்ச்சல் இருக்கா? பால் குடிக்குதா?" பிறகு இடது தொடையை விரலால் தடவினார். "கரப்பான் கன்னத்துல, கையில. நான் குத்தப்போறது இங்க. தோல் நல்லாத்தானே இருக்கு?" ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டா ஊசி ஒன்று, வாயில் போலியோ மருந்தும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா மருந்தும். தள்ளிப்போனதால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, அடுத்தது நாலு வாரம் கழித்து என்று எழுதிக்கொடுத்தார். இரவு உடம்பு கொஞ்சம் சுட்டது. கரப்பான் கூடவுமில்லை, குறையவுமில்லை.

அன்றே டாக்டரம்மாவிடம் கேட்டேன்: "பிசிஜி ஊசி போட்டா கரப்பான் மாதிரி அலர்ஜி வராதுன்னாங்க. இவளுக்குப் பிறந்ததுமே போட்டாச்சு, கையில தழும்புகூட இருக்கே?" மெல்போர்னில் 1,272 குழந்தைகளை வைத்துப் பார்த்திருக்கிறார்களாம். ஒரு வயதுக்குள் கரப்பான் வந்தது, ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 32, போடாதவர்களில் 37. அவ்வளவு சின்ன வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். அப்பா, அம்மா இருவருக்குமே அலர்ஜி உள்ள பிள்ளைகளிடம்தான் பலன் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்ததாம். "நாம போடறது டிபிக்காகம்மா" என்றார்.

நிஜமாகப் பலன் தந்தது வேறு. பயத்தமாவு தேய்ப்பதை நிறுத்தினோம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடக் குளியல். துண்டால் ஒற்றிவிட்டு, ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத மாய்ஸ்சரைசரை அப்பினோம். கசிந்த இடத்தில் மட்டும் டாக்டரம்மா எழுதித் தந்த லேசான ஸ்டீராய்டு களிம்பு, சொன்ன நாட்களுக்கு. மாமியாருக்கு அந்தக் களிம்பு பிடிக்கவேயில்லை. பத்து நாளில் கன்னம் தெளிந்தபோதுகூட "வெயில் குறைஞ்சிடுச்சு" என்றார்.

அடுத்த ஊசிக்கு அவரே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். டாக்டரம்மாவிடம் என் பத்தியத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல, "அவங்க எதுக்குப் பட்டினி? எல்லாம் சாப்பிடட்டும்" என்று பதில் வந்தது. வரும் வழியில் மாமியார் ஒன்றும் பேசவில்லை. மார்க்கெட் வாசலில் ஆட்டோவை நிறுத்தி, கால் கிலோ கத்திரிக்காய் வாங்கினார்.