சிவப்பு விளக்கு தந்த உரையாடல்

ஒரே ரயிலில், ஒரே பெட்டியில், எதிர் இருக்கையில் அமரும் ஒருவரை மாதக்கணக்கில் பார்த்துவந்தும் ஒரு சொல்லும் பேசாதிருப்பது அன்றாடப் பயணிகள் எல்லோருக்கும் பழக்கமானதே. உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1972-இல் இத்தகையோரைப் ‘பழகிய அந்நியர்’ என்று குறிப்பிட்டு எழுதினார். ரயில் நிலையத்தில் காத்திருந்தோரைப் படமெடுத்து அதே நிலையத்துப் பயணிகளிடம் காட்டியபோது, முகங்களை அடையாளம் கண்ட பலரும் அவர்களோடு பேசியதே இல்லை என்றார்கள். வழக்கத்துக்கு மாறாக ஏதேனும் நிகழும்போதுதான் அந்த மௌனம் எளிதில் கலைகிறது என்பதும் அவர் கண்டதே. எனக்கும் அப்படியே நேர்ந்தது.

அன்று மாலை, நிலையத்தை நெருங்கும் முன்பே வண்டி நின்றுவிட்டது. பலரும் சலித்துக்கொண்டிருக்க, எதிரில் இருந்த முதியவர் மட்டும் அமைதியாக, “முன்னால் இருக்கும் வண்டி இன்னும் நகரவில்லை, தம்பி, சிக்னல் சிவப்பில்தான் இருக்கும்” என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். தாம் ஓய்வுபெற்ற இன்ஜின் டிரைவர் என்றார்.

பாதையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு வண்டி இருக்கும்வரை அடுத்ததை உள்ளே விடாமல் தடுப்பதே சிக்னலின் வேலை என்று அவர் விளக்கினார். பல பாதைகளில் தண்டவாளத்திலேயே சிறிதளவு மின்சாரம் ஓடுகிறது. வண்டியின் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடுவதால் மின்சாரம் மறுமுனையை எட்டாமல் போக, சிக்னல் தானாகச் சிவப்பாகிறது. கம்பி அறுந்தாலும் தண்டவாளம் உடைந்தாலும் பெரும்பாலும் சிவப்பே எரியும். கோளாறு நேரும்போதும் வண்டியை நிறுத்தும் பக்கமே சாயும்படி அமைந்த இந்த ஏற்பாட்டை நான் வியந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இரும்பின் மேல் இரும்பு உருள்வதால் உராய்வு குறைவு. வேகமாக வரும் வண்டி பிரேக் போட்ட பிறகும் ஒரு கிலோமீட்டர் வரைகூட ஓடக்கூடும். ஆகவே தடையைக் கண்ணால் பார்த்து நிறுத்தலாம் என்று எந்த டிரைவரும் நம்பியிருக்க முடியாது. அவருக்கு நம்பிக்கை விளக்கின் நிறம் ஒன்றுதான்.

நான் கண் பரிசோதனைப் பணியில் இருப்பவன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளை வைத்துத் தம்மை எத்தனையோ முறை சோதித்தார்கள் என்றும், அந்த அறைக்குள் போகும் ஒவ்வொரு முறையும் வேலை போய்விடுமோ என்ற அச்சம் இருந்தது என்றும் சொன்னார். அவை ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட அட்டைகள் என்றேன். அதற்கும் முன்பே, 1875-இல் ஸ்வீடனின் லாகர்லுண்டாவில் இரண்டு ரயில்கள் மோதியபோது, நிறங்களைப் பிரித்தறிய இயலாமை காரணமாக இருக்கலாம் என்று ஐயுற்ற உடலியலாளர் ஹோம்கிரென், பல நிறக் கம்பளி நூல்களைத் தரம்பிரிக்கச் சொல்லும் சோதனையை ரயில்வே ஊழியர்களுக்குக் கொண்டுவந்த வரலாற்றையும் சொன்னேன். என் தொழிலின் இந்த முக்கியமான பக்கத்தை, அதன் பயனைத் தம் கைகளில் ஏந்தி வண்டி ஓட்டியவரிடமே சொல்ல வாய்த்ததை இன்றும் பெரும் பேறாக எண்ணுகிறேன்.

வண்டி நகர்ந்தது. “இப்போதெல்லாம் நீலம் எனக்குச் சற்று மங்கலாகத் தெரிகிறதே, ஏன்?” என்று அவர் கேட்டார். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சள் படிந்து நீல ஒளியைக் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும் என்றும், சிவப்பு அவ்வளவு பாதிக்கப்படுவதில்லை என்றும், கண்புரை தொடங்கியிருக்கிறதா என ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது என்றும் சொன்னேன். அந்த வாரத்திற்குள்ளேயே மருத்துவரிடம் போவதாக உறுதி கூறிவிட்டு, இரவில் வண்டி ஓட்டுவதைப் பற்றி மறுநாள் சொல்வதாகவும் சொல்லி அவர் இறங்கினார்.